என்.ஏ.சி. மாத்திரையும் மூளையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மருந்தாளுநர். சீட்டில் எழுதியிருக்கும் மருந்தை வாங்கிக்கொண்டு திரும்பும்போது சிலர் தயங்கி நின்று, "இன்னொண்ணு கேக்கலாமா?" என்பார்கள். கடந்த சில ஆண்டுகளாக அந்த "இன்னொண்ணு" பெரும்பாலும் ஒரே மாத்திரையைப் பற்றித்தான் இருக்கிறது. என்-அசிட்டைல்சிஸ்டைன், சுருக்கமாக என்.ஏ.சி. முடியைப் பிடுங்கும் பழக்கத்தோடு போராடுகிறவர்கள், மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் பைபோலார் நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், கோவிட் வந்து போன பிறகு தலை தெளியாமல் தவிப்பவர்கள், பார்கின்சன் வந்த அப்பாவுக்காகக் கேட்கும் மகள்கள் என்று பலரும் கேட்கிறார்கள். என் தங்கையும் முடி பிடுங்கும் பழக்கத்துக்காக இந்த மாத்திரையை எடுத்தவள். அதனால் எனக்கு இது தொழிலோடு நின்றுவிடுகிற விஷயமில்லை.

கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்ன மாதிரியே போட்டிருக்கிறேன். யார் என்று தெரியக்கூடிய விவரங்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

என்.ஏ.சி.ன்னா என்ன? மருந்தா, சத்து மாத்திரையா?

இரண்டாகவும் விற்கப்படுகிறது. சிஸ்டைன் என்பது கந்தகம் கலந்த ஓர் அமினோ அமிலம். நம் உடல் புரதம் கட்டப் பயன்படுத்தும் பொருள்களில் அதுவும் ஒன்று. அதோடு அசிட்டைல் என்ற சிறு தொகுதியைச் சேர்த்துக் கொஞ்சம் நிலையான பொருளாக்கினால் அதுதான் என்.ஏ.சி.

இது புதிதாக வந்ததும் இல்லை. அமெரிக்காவில் 1963-லேயே சளியை இளக்கும் மருந்தாக அனுமதி பெற்றது. பாராசிட்டமால் அளவுக்கு மீறி உடலில் சேர்ந்துவிட்டால் கல்லீரலைக் காப்பாற்ற மருத்துவமனைகளில் கொடுக்கும் மாற்று மருந்தும் இதுவே. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அந்தக் காரணத்துக்காகவே இடம் பிடித்திருக்கிறது. (வீட்டில் யாராவது பாராசிட்டமாலை அதிகமாக விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கையில் இருக்கும் என்.ஏ.சி. மாத்திரையைக் கொடுத்துப் பார்க்கும் வேலை வேண்டாம். முதல் 8 மணி நேரம் மிக முக்கியம்.) அதே பொருள் சப்ளிமென்ட் டப்பாவிலும் வருவதால்தான் மருந்தா சத்து மாத்திரையா என்ற குழப்பம். உடம்புக்குள் போன பிறகு அது டப்பாவில் என்ன எழுதியிருந்தது என்று பார்ப்பதில்லை. மருந்துக்குக் காட்டும் கவனத்தை இதற்கும் காட்டுங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

சளி மாத்திரைக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டு வழிகளில் சம்பந்தம் சொல்கிறார்கள். முதலாவது குளூட்டாத்தயோன். செல்களுக்குள் உருவாகும் நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் துணுக்குகளை அடக்கி வைக்கும் பொருள் இது. மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்து உருவாகிறது: குளூட்டமேட், கிளைசின், சிஸ்டைன். மற்ற இரண்டும் உடலில் தாராளமாகக் கிடைக்கும். சிஸ்டைன்தான் தட்டுப்பாடு. என்.ஏ.சி. அந்தத் தட்டுப்பாட்டைத் தீர்க்கிறது.

இரண்டாவது குளூட்டமேட். மூளையில் ஒரு நரம்புச் செல்லை இன்னொன்று தூண்டிவிடப் பயன்படுத்தும் முக்கியமான ரசாயனம் அது. நரம்புச் செல்களுக்குப் பக்கத்தில் இருக்கும் துணைச் செல்களில் ஒரு மாற்றுவாசல் உண்டு. சிஸ்டைனின் இரட்டை வடிவம் ஒன்று உள்ளே போனால் குளூட்டமேட் ஒன்று வெளியே வரும். அப்படி வெளியே வரும் குளூட்டமேட், "போதும், குறைத்துக்கொள்" என்ற சைகையை நரம்புச் செல்லுக்குத் தருகிறது. அடக்க முடியாத உந்துதல், திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கம் ஆகியவற்றில் இந்தச் சமநிலை கெட்டிருக்கலாம் என்பது கருத்து. அதனால்தான் சளி மருந்தை மனநல மருத்துவர்கள் கையில் எடுத்தார்கள்.

வாயில போடுற மாத்திரை மூளை வரைக்கும் போகுமா?

நல்ல கேள்வி. வாய்வழி எடுக்கும் என்.ஏ.சி.யில் மாறாமல் அப்படியே இரத்தத்தில் சேர்வது 10 சதவீதத்துக்கும் குறைவு. மீதியைக் குடலும் கல்லீரலும் வழியிலேயே மாற்றிவிடுகின்றன. மூளைக்கு முன்னால் இருக்கும் இரத்தத் தடுப்பையும் அது சுலபமாகத் தாண்டுவதில்லை.

2018-இல் வெளிவந்த ஒரு சின்ன ஆய்வில் பார்கின்சன் நோயாளிகள் உட்படச் சிலருக்குத் தினம் 6,000 மில்லிகிராம் வீதம் 4 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் மாற்றம் தெரிந்தது. மூளையில் குளூட்டாத்தயோன் கூடவில்லை. ஆனால் முடி பிடுங்குவோரில் பலருக்கு அதைவிடக் குறைந்த அளவிலேயே பலன் தெரிந்திருக்கிறது. மேலே சொன்ன இரண்டாவது வழி காரணமாக இருக்கலாம். "மூளையை டீடாக்ஸ் செய்யும்" என்று டப்பாவில் போட்டிருந்தால் மட்டும் நம்பாதீர்கள்.

எந்தப் பிரச்சினைக்கு உண்மையிலேயே பலன் இருக்கு?

இதற்கு ஒரே வரியில் பதில் சொல்கிறவரை நம்ப வேண்டாம். நோய்க்கு நோய் கதை வேறு.

தெளிவாகப் பலன் தெரிந்தது, பெரியவர்களுக்கு வரும் முடி பிடுங்கும் பழக்கத்தில், அதாவது ட்ரைக்கோடில்லோமேனியாவில். 2009-இல் வந்த ஆய்வில் 50 பேரைச் சேர்த்தார்கள். 12 வாரம், தினம் 1,200 முதல் 2,400 மில்லிகிராம். மாத்திரை எடுத்தவர்களில் 56 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம். மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 16 சதவீதம். தோலைக் கிள்ளிக் கிள்ளிப் புண்ணாக்கிக்கொள்ளும் பழக்கத்திலும் 2016-இல் 66 பேரிடம் நடந்த ஆய்வு அதே திசையைக் காட்டியது: மாத்திரை எடுத்தவர்களில் 47 சதவீதம், வெற்று மாத்திரையில் 19 சதவீதம். இந்த எண்களைத் திருப்பியும் படியுங்கள். மாத்திரை எடுத்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பெரிதாகப் பலனில்லை. வெறும் மாத்திரை எடுத்தவர்களிலும் ஆறில் ஒருவருக்கோ ஐந்தில் ஒருவருக்கோ குறைந்திருக்கிறது.

மனச்சிதைவு நோயில், வழக்கமான மருந்தோடு கூடுதலாகத் தினம் 2 கிராம் கொடுத்து 140 பேரிடம் 24 வாரம் பார்த்த ஆய்வு 2008-இல் வந்தது. ஆர்வமின்மை, ஒதுங்கிப்போதல் போன்ற அறிகுறிகள் ஓரளவு குறைந்தன. அதே ஆண்டு பைபோலார் நோயின் மனச்சோர்வில் 75 பேரிடம் செய்த ஆய்வும் நல்ல முடிவு தந்தது. பின்னால் வேறு குழுவினர் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. வேண்டாத எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் ஓசிடி நோயிலும் முடிவுகள் கலவைதான். குண்டு வெடிப்பு அதிர்ச்சியில் தலை பாதித்த 81 ராணுவ வீரர்களிடம் செய்து 2013-இல் வெளிவந்த ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் எடுத்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு 7 நாளில் அறிகுறிகள் போயிருந்தன. வெற்று மாத்திரையில் 42 சதவீதம். என்றைக்கோ அடிபட்ட தலைக்கு இதைப் பொருத்திப் பார்க்கக் கூடாது. அடிபட்ட அன்றே கொடுத்தது அது.

எத்தனை நாள்ல தெரியும் மேடம்? ஒரு வாரமா எடுக்கிறேன், ஒண்ணுமே இல்லையே?

வாரக் கணக்கில்தான் தெரியும். மேலே சொன்ன 2009 ஆய்வில் இரண்டு குழுக்களுக்கும் இடையே வித்தியாசம் தெரியத் தொடங்கியதே 9 வாரத்துக்குப் பிறகு. ஒரு வாரத்தில் எதுவும் தெரியாதது இயல்பு.

என் தங்கைக்கு நான் செய்த தவறு ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். முதன்முறை அவள் எடுத்தபோது, "மூணு வாரம் பாரு, சரிப்படலன்னா விட்டுடு" என்று நான்தான் சொன்னேன். அப்போது இந்த ஆய்வை நான் முழுசாகப் படித்திருக்கவில்லை. அவள் மூன்று வாரம் எடுத்தாள், விட்டுவிட்டாள். இதுவும் தனக்கு உதவாது என்று முடிவுகட்டிக்கொண்டு ஒன்றரை வருடம் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. இன்றைக்கும் அந்த ஒன்றரை வருடம் எனக்கு உறுத்துகிறது. ஆகவே கேட்கிறவர்களிடமெல்லாம் 12 வாரம் என்று சொல்கிறேன். தீவிரமான பக்க விளைவு வந்தால் ஒழிய அதற்கு முன்னால் தீர்ப்பு எழுதாதீர்கள்.

வேலை செய்யுதா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? சில நாள் நல்லா இருக்கு, சில நாள் இல்ல.

எண்ணுங்கள். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. நினைவு நம்மை ஏமாற்றும். நேற்று நன்றாக இருந்தால் போன மாதமே நன்றாக இருந்தது போலத் தோன்றும். இன்று மோசமாக இருந்தால் எதுவுமே மாறாத மாதிரி தோன்றும்.

மாத்திரை தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே ஒரு நோட்டு போடுங்கள். எதை எண்ணுவது என்பது உங்கள் பிரச்சினையைப் பொறுத்தது. முடி பிடுங்குகிறவர்கள் ஒரு நாளில் எத்தனை முறை கை தலைக்குப் போனது, எவ்வளவு நேரம் போனது என்று குறிக்கலாம். வாரம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் ஒரு போட்டோ. மனச்சோர்வுக்காக எடுப்பவர்கள் காலையில் எழுந்திருக்க எவ்வளவு நேரம் ஆனது, அன்று யாரோடாவது பேசினோமா என்று குறிக்கலாம். "மூட் எப்படி, பத்துக்கு எத்தனை?" என்ற ஒரே எண்ணை மட்டும் நம்பியிருப்பதை நான் ஆதரிப்பதில்லை. அந்த எண் கேட்கப்படும் நேரத்தைப் பொறுத்தே மாறிவிடும்.

அதே நோட்டில் வேறு என்ன மாறியது என்பதையும் எழுதுங்கள். புது வேலை, வேறு மருந்து, மாதவிலக்கு நாள்கள், தூக்கம் கெட்ட இரவுகள். ஒருவர் என்.ஏ.சி. தொடங்கிய அதே வாரத்தில் இரவு வேலையிலிருந்து பகல் வேலைக்கு மாறியிருந்தார். தலை தெளிந்துவிட்டது என்று பூரித்துப் போய் வந்தார். நோட்டைப் பார்த்ததும் அவரே யோசிக்க ஆரம்பித்தார். மாத்திரை உதவியிருக்கலாம், தூக்கமும் உதவியிருக்கலாம். இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்றியதால் பிரித்துப் பார்க்க வழியில்லாமல் போயிற்று.

எவ்வளவு எடுக்கணும்? காலையிலயா ராத்திரியா?

ஆய்வுகளில் கொடுத்த அளவு பெரும்பாலும் தினம் 1,200 முதல் 3,000 மில்லிகிராம் வரை. உடலில் பாதி கழிய ஏறக்குறைய 6 மணி நேரம் ஆகும் என்பதால் இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுப்பது வழக்கம். பொதுவாக 600-இல் தொடங்கி, வயிறு ஏற்றுக்கொள்கிறதா என்று பார்த்து, மெல்லக் கூட்டுவார்கள். உங்கள் அளவை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். உடல் எடை, மற்ற மருந்துகள், கல்லீரல், சிறுநீரகம் எல்லாவற்றையும் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

வயிற்றைப் புரட்டினால் சாப்பாட்டுக்குப் பின் எடுங்கள். நீரில் கரையும் மாத்திரையில் சோடியம் கணிசமாக இருக்கும். உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கும் இரத்த அழுத்தக்காரர்களும் இதய நோயாளிகளும் அதைக் கவனிக்க வேண்டும்.

டப்பாவைத் திறந்தாலே அழுகின முட்டை நாத்தம். கெட்டுப் போச்சா?

இல்லை. கந்தகத்தின் வாசனை அது. காலாவதி தேதியைப் பாருங்கள். மாத்திரை நிறம் மாறி, ஈரமாகி ஒட்டிக்கொண்டிருந்தால் மட்டும் தூக்கிப் போடுங்கள்.

பக்க விளைவே கிடையாதுன்னு சொன்னாங்க. நிஜமா?

பெரும்பாலானவர்கள் சிரமமில்லாமல் எடுத்துக்கொள்கிறார்கள் என்பது நிஜம். "கிடையாது" என்பது நிஜமில்லை. குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, நெஞ்செரிச்சல்தான் அதிகம் கேட்கிற புகார்கள். சிலருக்குத் தோலில் தடிப்பு வரும்.

ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. நெபுலைசர் கருவியில் ஆவியாக இழுக்கும்போதும் ஊசியாக ஏற்றும்போதும் மூச்சுக்குழல் இறுகிவிடும் ஆபத்து இருப்பது நன்கு தெரிந்த விஷயம். மாத்திரையில் அது குறைவு என்றாலும் முன்னெச்சரிக்கை நல்லது. வயிற்றுப்புண் வந்தவர்களும் சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். இன்னொரு சின்ன விஷயம்: சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் சோதனையில் இது பொய்யாக "இருக்கு" என்று காட்டவைக்கலாம். சர்க்கரை நோயாளிகள் பயந்துபோகும் விஷயம் இது. சோதனை எடுக்கும்போது முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நான் ஏற்கெனவே மனநல மாத்திரை எடுக்கிறேன். சேர்த்து எடுக்கலாமா?

மேலே சொன்ன மனச்சிதைவு, பைபோலார் ஆய்வுகளில் எல்லோரும் வழக்கமான மருந்தோடு சேர்த்துத்தான் எடுத்தார்கள். அதனால் பொதுவாக முரண்பாடு இல்லை. ஆனால் கார்பமசெபைன் எடுக்கிறவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். வலிப்புக்கும் பைபோலார் நோய்க்கும் கொடுக்கும் மருந்து அது. என்.ஏ.சி. சேரும்போது இரத்தத்தில் அதன் அளவு குறைந்துவிடக்கூடும் என்ற எச்சரிக்கை உண்டு. வலிப்பு கட்டுக்குள் இருப்பவருக்கு அது சாதாரண விஷயமில்லை.

நெஞ்சுவலிக்கு நைட்ரோகிளிசரின் எடுப்பவர்களுக்கு இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிக் கடுமையான தலைவலி வரலாம். சில ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்கும் இதற்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும்.

அப்போ அந்த மாத்திரைகளை விட்டுட்டு இயற்கையான இதை மட்டும் எடுத்தா என்ன?

தயவு செய்து செய்யாதீர்கள். இந்தப் பக்கத்தை நான் எழுத உட்கார்ந்ததற்கு இந்தக் கேள்விதான் பெரிய காரணம். நன்றாக நிலைப்பட்டிருந்த ஒருவர், "இது வெறும் அமினோ அமிலம், அதெல்லாம் கெமிக்கல்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பைபோலார் நோய்க்கு எடுத்துவந்த லித்தியம் மாத்திரையை நிறுத்திவிட்டார். இரண்டு மாதத்தில் மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தது. அவர் மனைவி என் முன்னால் நின்று அழுததை என்னால் மறக்க முடியவில்லை.

என்.ஏ.சி.யும் ஆலையில் தயாராகும் ரசாயனப் பொருள்தான். இந்த நோய்களில் அதற்குச் சாதகமாக வந்த முடிவுகளெல்லாம், மேலே சொன்னபடி, மற்ற மருந்தோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தவை. தனியாக அது அந்த இடத்தை நிரப்பும் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை.

என் பொண்ணுக்கு 11 வயசு. புருவத்தைப் பிடுங்கிடுறா. பெரியவங்களுக்கு வேலை செஞ்சா இவளுக்கும் செய்யும்ல?

நியாயமான எதிர்பார்ப்புதான். ஆனால் 2013-இல் 8 முதல் 17 வயது வரையுள்ள 39 பிள்ளைகளிடம் தனியாக ஆய்வு செய்தபோது வித்தியாசமே வரவில்லை. மாத்திரை எடுத்தவர்களில் 25 சதவீதம் பேருக்குக் குறைந்தது, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 21 சதவீதம் பேருக்கு. பெரியவர்கள் தங்கள் உந்துதலை உணர்ந்து அடக்கப் போராடுகிறார்கள், பிள்ளைகள் பெரும்பாலும் தங்களை அறியாமலே செய்கிறார்கள், அதனால் இருக்கலாம் என்று ஒரு விளக்கம் உண்டு.

பிள்ளைகளுக்கு முதலில் பார்க்க வேண்டியது பழக்கத்தை மாற்றும் பயிற்சி. கை எப்போது மேலே போகிறது என்று கவனிக்கக் கற்றுக்கொடுத்து, அந்த நேரத்தில் கைக்கு வேறு வேலை கொடுப்பார்கள். இதைத் தெரிந்த உளவியலாளரைத் தேடுங்கள். அப்புறம், தாயாக உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: "கையை எடு" என்று நாள் முழுக்கச் சொல்லாதீர்கள். என் தங்கை இன்றைக்கும் சொல்வாள், முடி போனதைவிட அந்தக் குரல்தான் அதிகம் வலித்தது என்று.

கோவிட்டுக்கு அப்புறம் தலை மந்தமாவே இருக்கு. படிச்சது மனசுல நிக்கல. இது உதவுமா?

இந்த நம்பிக்கை யேல் பல்கலைக்கழகத்திலிருந்து 2022-இல் வந்த ஒரு சின்ன அறிக்கையிலிருந்து பரவியது. 12 நோயாளிகளுக்கு குவான்ஃபசின் என்ற மருந்தோடு தினம் 600 மில்லிகிராம் என்.ஏ.சி. சேர்த்துக் கொடுத்தார்கள். 8 பேர் நன்றாக உணர்ந்தார்கள். சிலர் நிறுத்திவிட்டார்கள். தலைசுற்றலும் இரத்த அழுத்தம் இறங்கியதும் அதற்கு ஒரு காரணம். அவை குவான்ஃபசினின் அறியப்பட்ட விளைவுகள்.

ஒப்பிட்டுப் பார்க்க வெற்று மாத்திரைக் குழு அதில் இல்லை. கொடுத்ததும் இரண்டு மருந்து. கோவிட்டுக்குப் பின் வரும் மந்தம் பலருக்குக் காலப்போக்கில் தானாகவே குறைகிறது. அந்த 8 பேருக்கு எது உதவியது என்று எப்படிப் பிரிப்பது? என்னிடம் வந்து சொன்னவர்களில், என்.ஏ.சி.யை மட்டும் எடுத்து "திரை விலகின மாதிரி இருந்தது" என்றவர்களும் உண்டு, மூன்று மாதம் எடுத்து ஒன்றுமே நடக்காதவர்களும் உண்டு. முயல்வதாக இருந்தால் மருத்துவரிடம் பேசி, நோட்டோடு முயலுங்கள். தைராய்டு, இரும்புச் சத்து, பி12, தூக்கத்தில் மூச்சுத் தடை ஆகியவற்றை முதலில் பார்த்துவிடுவது இன்னும் நல்லது. அவை சோதனையில் தெரிந்துவிடும், சிகிச்சையும் இருக்கிறது.

அப்பாவுக்கு பார்கின்சன், அம்மாவுக்கு ஞாபக மறதி. ரெண்டு பேருக்கும் கொடுத்துப் பார்க்கவா?

பார்கின்சனில் 2016-இல் வந்த ஆய்வு ஒன்று ஆசையைக் கிளப்பியது. ஊசியாகவும் வாய்வழியாகவும் சேர்த்துக் கொடுத்தபோது, டோபமைன் என்ற மூளை ரசாயனம் தொடர்பான ஸ்கேனில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் வெற்று மருந்தோடு ஒப்பிடவில்லை, சேர்ந்தவர்களும் குறைவு. மாத்திரை மட்டும் கொடுத்த 2018 ஆய்வு என்ன காட்டியது என்று மேலே பார்த்தோம். அல்சைமர் நோயில் 2001-இல் 43 பேரிடம் ஆறு மாதம் பார்த்த ஆய்வில் முக்கிய அளவீடுகளில் வித்தியாசம் இல்லை.

அம்மாவுக்கு மறதி என்றால் முதலில் நரம்பியல் மருத்துவர், அப்புறம்தான் மாத்திரை டப்பா. வயதானவர்கள் ஏற்கெனவே ஏழெட்டு மருந்து எடுப்பார்கள். இன்னொன்றைச் சேர்க்கும் முன் முழுப் பட்டியலையும் ஒரே ஆளிடம் காட்டுங்கள்.

எடுக்க ஆரம்பிச்சதுல இருந்து மனசு மரத்துப் போன மாதிரி இருக்கு. அழுகையும் வரல, சந்தோஷமும் வரல. இதனாலயா?

இதைப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆய்வுகளில் இது ஒரு முக்கியப் பக்க விளைவாகப் பதிவாகவில்லை. அதற்காக உங்கள் அனுபவத்தைத் தள்ளிவிட மாட்டேன். ஆய்வில் குமட்டலைக் கேட்டுக் குறிப்பார்கள், "பாட்டுக் கேட்டால் முன்பு போலச் சிலிர்க்கிறதா?" என்று யாரும் கேட்பதில்லை. குளூட்டமேட்டைத் தொடும் ஒரு பொருள் சிலருக்கு உணர்ச்சியையும் தணிக்கலாம் என்பது நம்ப முடியாததில்லை.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். மனச்சோர்வே இப்படித்தான் இருக்கும். எதற்காக மாத்திரை எடுத்தீர்களோ அந்த நோய்தான் கூடுகிறதோ என்ற சந்தேகமும் இருக்க வேண்டும். மருத்துவரிடம் சொல்லி, நிறுத்திப் பாருங்கள். என்னிடம் சொன்னவர்களில் பெரும்பாலோருக்கு ஓரிரு வாரங்களில் பழையபடி ஆனது. நிறுத்தியும் மாறவில்லை என்றால் அது வேறு காரணம். தற்கொலை எண்ணம் தலைகாட்டினால் காத்திருக்கவே வேண்டாம். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள், அதுவரை கூடவே ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

கேன்சர் வரும்னு படிச்சேன். பயமா இருக்கு.

நீங்கள் படித்தது எலிகளைப் பற்றியது. 2014-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள், நுரையீரலில் புற்று இருந்த எலிகளுக்கு என்.ஏ.சி. கொடுத்தபோது கட்டி வேகமாக வளர்ந்ததைக் கண்டார்கள். அடுத்த ஆண்டு மெலனோமா என்ற தோல் புற்று இருந்த எலிகளில் அது பரவுவது கூடியதையும் கண்டார்கள். ஆக்சிஜன் துணுக்குகளிலிருந்து நல்ல செல்லைக் காக்கும் பொருள் புற்றுச் செல்லையும் காத்துவிடுகிறது என்பது விளக்கம்.

புதிதாகப் புற்றை உண்டாக்கியதாக அந்த ஆய்வுகள் சொல்லவில்லை. ஆனால் புற்று இருப்பவர்கள், வந்து குணமானவர்கள், நீண்ட நாள் புகைபிடித்தவர்கள் இதைத் தாங்களாகத் தொடங்கக் கூடாது என்பது என் கருத்து.

அசிட்டைல் கார்னிடினும் இதுவும் ஒண்ணுதானே? கடையில அதைக் கொடுத்துட்டாங்க.

வேறு வேறு. அசிட்டைல் டைரோசின் என்றும் ஒன்று இருக்கிறது, அதுவும் வேறு. பெயரின் கடைசிப் பகுதியைப் படியுங்கள். "சிஸ்டைன்" என்று முடிய வேண்டும்.

என் ஃபிரண்டுக்கு அற்புதமா வேலை செஞ்சுது. எனக்கு மூணு மாசமாகியும் ஒண்ணுமில்ல. நான் ஏதாவது தப்பு பண்றேனா?

இல்லை. பெரியவர்களின் முடி பிடுங்கும் பழக்கத்திலேயே பாதிப் பேருக்குத்தான் உதவியது என்று மேலே சொன்னேன். நீங்கள் மற்றப் பாதியில் இருக்கிறீர்கள், அவ்வளவுதான். அளவு சரியாக இருந்து, 12 வாரம் விடாமல் எடுத்து, நோட்டிலும் மாற்றமில்லை என்றால் நிறுத்துவதுதான் நியாயம்.

பலன் கிடைத்தவர்தான் எல்லோரிடமும் சொல்வார். கிடைக்காதவர் டப்பாவை அலமாரியில் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார். அதனால் காதில் விழும் அனுபவங்களெல்லாம் நல்லவையாகவே இருக்கும். உங்கள் "ஒண்ணுமில்ல"வையும் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது அவருடைய அடுத்த நோயாளிக்கு உதவும்.

நிறுத்தினா திரும்ப வந்துடுமா?

வரலாம். 2008-இன் பைபோலார் ஆய்வில், நிறுத்திய 4 வாரத்தில் கிடைத்த முன்னேற்றம் கரைந்துவிட்டது. முடி பிடுங்குவோரில் சிலர், எடுத்த காலத்தில் பழகிக்கொண்ட பயிற்சியால் தாக்குப்பிடிக்கிறார்கள். எனவே மாத்திரை உதவும் காலத்தைப் பயிற்சிக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். உந்துதல் தணிந்திருக்கும்போது புதுப் பழக்கம் சுலபமாக ஒட்டும். நிறுத்தும்போது பரீட்சை, வேலை மாற்றம், குடும்பத்தில் சங்கடம் என்று எதுவும் இல்லாத நேரமாகப் பார்த்து, மருத்துவரைக் கேட்டு, படிப்படியாகக் குறைத்தால் என்ன நடக்கிறது என்று கவனிக்கவாவது முடியும்.

உங்க தங்கச்சி இப்போ எப்படி இருக்காங்க?

இதைக் கேட்காதவர்கள் குறைவு, அதனால் அவள் அனுமதியோடு சொல்கிறேன். இரண்டாம் முறை முறையாகத் தொடங்கியபோது பத்தாவது வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது. அதை முதலில் கவனித்தது அவளில்லை, நோட்டு. ஒரு நாளில் முப்பது முறை என்று இருந்தது பன்னிரண்டாகியிருந்தது. கூடவே பயிற்சிக்கும் போனாள். உச்சந்தலையில் முடி வளர்ந்தது. இடது காதுக்கு மேலே ஓர் இடத்தில் மட்டும் வளரவில்லை. பல வருடம் பிடுங்கியதில் வேர் போய்விட்டது என்று தோல் மருத்துவர் சொன்னார்.

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு மருத்துவர் சொல்லி நிறுத்தினாள். எண்ணிக்கை மெல்ல ஏறி இருபதைத் தொட்டது. மறுபடி குறைந்த அளவில் தொடங்கி இப்போது ஒற்றை இலக்கத்தில் நிற்கிறது. சில வாரம் பூஜ்யம் வரும், சில வாரம் வராது. தொப்பி போடாமல் வெளியே போகிறாள். நோட்டு இன்னும் அவள் கைப்பையில்தான் இருக்கிறது.